முதல் சட்டகங்களும் பழனி மலைப் பாறையும்

விலங்குகளின் உடலில் ஓடு, முள், பல், எலும்பு போன்ற கடினமான பகுதிகள் முதன்முதலில் பரவலாகத் தோன்றியது இன்றைக்கு ஏறத்தாழ 55 கோடி முதல் 52 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆகும். புவியியல் அட்டவணைப்படி இது எடியாகரா காலத்தின் இறுதியும் கேம்பிரியன் காலத்தின் தொடக்கமும் சேர்ந்த பகுதி. இதே கால அளவில்தான் தமிழ்நாட்டின் பழனி மலைகளை உருவாக்கியுள்ள பாறைகள், நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருமாறின.

கொடைக்கானல் பாறையில் புதைபடிவம் கிடைப்பதில்லை. ஆனால் முதல் சட்டகங்களின் வரலாற்றோடு அந்தப் பாறைக்குத் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் ஒரே காலத்தவை. ஒரே பெரும் நிகழ்வின் இரு பக்கங்களாகவும் அவை இருக்கலாம் என்று புவியியலாளர் சிலர் கருதுகின்றனர். இக்கட்டுரை அந்தத் தொடர்பையும், இந்தியாவில் முதல் சட்டகங்கள் தேடப்பட்ட வரலாற்றையும் விளக்குகிறது.

சட்டகம் எனப்படுவது

உடலுக்கு உருவம் தந்து, தசைகள் பற்றிக்கொள்ள இடம் கொடுத்து, உள்ளுறுப்புகளைக் காக்கும் அமைப்பே சட்டகம். நண்டு, வண்டு, நத்தை ஆகியவற்றில் அது உடலுக்கு வெளியே அமைந்துள்ளது. இது புறச்சட்டகம். மீன், தவளை, பறவை, மனிதன் ஆகியோரில் உடலுக்கு உள்ளே இருக்கிறது. இது அகச்சட்டகம். மண்புழுவுக்கு இவ்விரண்டும் இல்லை. அதன் உடற்குழியில் நிறைந்துள்ள திரவத்தின் அழுத்தமே உடலைத் தாங்குகிறது. முதல் விலங்குகள் பெரும்பாலும் இவ்வாறே வாழ்ந்தன.

கடினமான சட்டகங்களில் மூன்று வகைக் கனிமங்கள் அதிகம் காணப்படுகின்றன. சங்கு, சிப்பி, பவளம் ஆகியவை கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. நம் எலும்பும் பல்லும் கால்சியம் பாஸ்பேட்டால் ஆனவை. கண்ணாடிக் கடற்பஞ்சுகளின் நுண்முட்கள் சிலிக்காவால் ஆனவை. பூச்சியின் ஓடு கைட்டின் என்னும் கரிமப் பொருளால் ஆனது. நண்டு, இறால் போன்றவை அதே கைட்டினுடன் கால்சியம் கார்பனேட்டையும் சேர்த்து உறுதியாக்கிக்கொள்கின்றன.

சட்டகம் தோன்றியதால் உயிரியலில் மட்டுமல்ல, நமது அறிவிலும் ஒரு மாற்றம் நேர்ந்தது. மென்மையான உடல் இறந்தவுடன் அழுகிவிடும். கடினமான ஓடு மண்ணில் புதைந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலைத்திருக்கும். எனவே சட்டகம் தோன்றிய காலத்திலிருந்துதான் விலங்குகளின் வரலாறு பாறைகளில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. 1859ஆம் ஆண்டு ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலை வெளியிட்ட சார்லசு டார்வினுக்கு இது பெரும் சிக்கலாக இருந்தது. கேம்பிரியன் பாறைகளில் திடீரெனப் பலவகை விலங்குகள் தென்படுவதும், அவற்றுக்குக் கீழேயுள்ள பாறைகளில் எதுவும் கிடைக்காததும் தம் கொள்கைக்கு எதிரான வலுவான வாதம் என்பதை அவரே அந்நூலில் ஒப்புக்கொண்டார்.

பழனி மலைப் பாறையின் வயது

பழனி மலைகளில் பெரும்பகுதி சார்னோக்கைட்டு என்னும் பாறையால் ஆனது. உடைத்துப் பார்த்தால் கரும்பச்சை அல்லது நீலச்சாம்பல் நிறத்தில், எண்ணெய் பூசியது போன்ற பளபளப்புடன் இருக்கும். பல்லாவரம், பரங்கிமலை, சேர்வராயன் மலை, நீலகிரி ஆகிய இடங்களிலும் இதே வகைப் பாறை உண்டு. கொல்கத்தாவில் உள்ள யோபு சார்னோக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையால் ஆனது. அதனால் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமசு ஆலந்து 1893இல் இப்பாறைக்குச் சார்னோக்கைட்டு என்று பெயரிட்டார். 1900இல் அவர் வெளியிட்ட விரிவான ஆய்வேடு தென்னிந்தியப் பாறையியலில் ஒரு மைல்கல்.

சார்னோக்கைட்டு நிலத்தின் மேற்பரப்பில் உருவாகும் பாறை அன்று. மிகுந்த அழுத்தமும் வெப்பமும் உள்ள ஆழத்தில், நீர் மிகக் குறைந்த நிலையில் உருவாவது. பழனி மலைகளில் பெருமாள்மலைப் பகுதியிலும், மலையடிவாரத்தில் உள்ள கெங்குவார்பட்டியிலும் சஃபிரின் என்னும் அரிய கனிமம் கொண்ட பாறைகள் கண்டறியப்பட்டுள்ளன. அங்குள்ள கனிமச் சேர்க்கைகளைக் கொண்டு கணக்கிட்டதில், அப்பாறைகள் 900 டிகிரி செல்சியசுக்கும் மேலான வெப்பத்தை அடைந்திருந்தன என்று தெரியவந்தது. அழுத்தத்தைக் கொண்டு பார்த்தால், அவை அப்போது ஏறத்தாழ 25 முதல் 35 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தன. இத்தகைய உருமாற்றத்தை மீயுயர் வெப்ப உருமாற்றம் என்பர். உலகில் இதற்குப் பெயர்பெற்ற இடங்களில் பழனி மலைகள் அடங்கிய மதுரைப் பாறைப்பகுதியும் ஒன்று.

இந்த உருமாற்றம் எப்போது நிகழ்ந்தது என்பதை சிர்க்கான், மோனசைட்டு ஆகிய நுண்கனிமங்கள் சொல்கின்றன. இவற்றில் சிறிதளவு யுரேனியம் உண்டு. அது சீரான வேகத்தில் சிதைந்து ஈயமாக மாறுகிறது. இரண்டின் அளவையும் ஒப்பிட்டால், கனிமம் வளர்ந்த காலம் தெரியும். மதுரைப் பாறைப்பகுதியில் சில இடங்களின் தாய்ப்பாறை 250 கோடி ஆண்டுகள் பழமையானது. ஆனால் அதை வேகவைத்த பெரும் உருமாற்றம் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னரும் அதை ஒட்டிய காலத்திலும் நடந்தது.

அப்போது இன்றைய ஆப்பிரிக்கா, மடகாசுகர், இந்தியா, இலங்கை, அண்டார்க்டிகா, ஆத்திரேலியா ஆகிய நிலப்பகுதிகள் ஒன்றோடொன்று மோதி, கோண்டுவானா என்னும் பெருங்கண்டமாக இணைந்துகொண்டிருந்தன. மோதிய இடங்களில் நிலம் மடிந்து உயர்ந்து மாபெரும் மலைத்தொடர்கள் எழுந்தன. இன்றைய பழனி மலைப் பாறை அந்த மலைத்தொடரின் அடியில், ஆழத்தில் இருந்த பகுதி. மேலே இருந்த பல கிலோமீட்டர் பாறை முழுவதும் மழையாலும் காற்றாலும் அரிக்கப்பட்டுக் கடலுக்குப் போய்விட்டது. பின்னர் நிலம் மெல்ல மெல்ல உயர்ந்ததால் அடிப்பகுதி வெளியே தெரிகிறது. கோக்கர்சு நடைபாதையில் நிற்பவர் நிற்பது, மறைந்துபோன ஒரு பழைய மலையின் அடித்தளத்தின் மீது.

கொடைக்கானலில் புதைபடிவம் கிடைக்காததற்கும் இதுவே காரணம். புதைபடிவம் படிவுப் பாறையில்தான் நிலைக்கும். 900 டிகிரி வெப்பத்தில் எந்த ஓடும் எலும்பும் உருத்தெரியாமல் போய்விடும். மேலும் அந்தப் பாறையின் பெரும்பகுதி விலங்குகளே தோன்றாத காலத்தைச் சேர்ந்தது.

சட்டகம் இல்லாத முதல் விலங்குகள்

பழனி மலைப் பாறை ஆழத்தில் வெந்துகொண்டிருந்தபோது கடலில் என்ன நடந்தது என்பதை வேறு நாடுகளின் படிவுப் பாறைகளில் இருந்தே அறிய வேண்டியுள்ளது. 1946இல் தெற்கு ஆத்திரேலியாவின் எடியாகரா குன்றுகளில் ரெசினால்டு சிப்ரிக் என்ற புவியியலாளர் இலை போலவும் வட்டத் தட்டு போலவும் பதிவுகள் கொண்ட மணற்கற்களைக் கண்டார். இதே போன்ற பதிவுகள் இங்கிலாந்து, உருசியா, கனடா, நமீபியா ஆகிய நாடுகளிலும் கிடைத்துள்ளன. 63.5 கோடி முதல் 53.9 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்துக்கு எடியாகரா என்ற பெயரே இக்குன்றுகளால் வந்தது.

இவ்வுயிரிகளில் பெயர்பெற்றது டிக்கின்சோனியா. தட்டையான, நீள்வட்டமான, வரிவரியான உடல் கொண்டது. உருசியாவின் வெண்கடல் பகுதியில் கிடைத்த டிக்கின்சோனியா படிவங்களில் கொலசுடிரால் வகை மூலக்கூறுகளின் எச்சம் இருப்பது 2018இல் அறிவிக்கப்பட்டது. அது விலங்குதான் என்பதற்கு இது வலுவான சான்றாகக் கருதப்படுகிறது. ஆனால் அதற்கு ஓடும் இல்லை, முள்ளும் இல்லை. எனவே விலங்குகள் தோன்றியதும் சட்டகம் தோன்றியதும் ஒரே நிகழ்வு அல்ல. விலங்குகள் முதலில் வந்தன. கடினமான சட்டகம் பின்னர் வந்தது. டார்வினின் சிக்கலுக்கு இது ஒரு பகுதி விடை.

முதல் ஓடு: குளோடினா

கடினமான சட்டகம் கொண்ட விலங்குகளில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று குளோடினா. 1972இல் நமீபியாவின் நாமா பாறைத்தொகுதியில் இருந்து செரார்டு செர்ம்சு இதை விவரித்தார். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய காகிதக் கூம்புகளைப் போன்ற சிறு குழாய் இது. கால்சியம் கார்பனேட்டால் ஆனது. வயது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள். இதனுடன் வாழ்ந்த மற்றோர் உயிரி நமகலாத்தசு. காம்பின் மேல் பொருத்திய கிண்ணம் போன்றது இது. இதை 2000இல் விவரித்தனர்.

1992இல் சுடீபன் பெங்சன், யூ சாவோ ஆகிய இருவரும் சீனாவில் கிடைத்த குளோடினா குழாய்களில் வட்டமான சிறு துளைகள் இருப்பதைக் காட்டினர். ஏதோ ஒரு கொன்றுண்ணி துளையிட்டு உள்ளே இருந்த உடலைத் தின்ன முயன்றதன் அடையாளம் இது என்று அவர்கள் விளக்கினர். அதே இடத்தில் கிடைக்கும் சைனோட்டூபியூலைட்டசு என்னும் மற்றொரு வகைக் குழாயில் இத்தகைய துளைகள் காணப்படவில்லை. அதாவது துளையிட்ட விலங்கு இரையைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஓடு தோன்றிய காலத்திலேயே அதை உடைக்கும் வழியும் தோன்றியிருந்தது என்பதை இது காட்டுகிறது.

மசூரியில் கிடைத்த நுண்ணோடுகள்

கேம்பிரியன் காலம் 53.9 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்குகிறது. அதன் தொடக்கப் பாறைகளில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள குழாய்கள், கூம்புகள், கொக்கிகள், செதில்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. இவற்றுக்குச் சிறு ஓட்டுப் புதைபடிவங்கள் என்ற பொதுப்பெயர் 1975இல் வழங்கப்பட்டது. இவற்றில் பல முழு விலங்குகள் அல்ல, உடலைப் போர்த்தியிருந்த கவசத்தின் சிதறிய துண்டுகள். ஹால்கியேரியா என்னும் உயிரியின் செதில்கள் தனித்தனியாகவே நெடுங்காலம் அறியப்பட்டிருந்தன. கிரீன்லாந்தில் கிடைத்த முழு உடலை 1990இல் விவரித்தபோதுதான், நத்தை போல ஊர்ந்த உடலின் மேல் நூற்றுக்கணக்கான செதில்களும் இரு முனைகளிலும் ஒவ்வோர் ஓடும் இருந்தது தெரிந்தது.

இந்தியத் துணைக்கண்டத்தில் கேம்பிரியன் விலங்குகளின் ஆய்வு 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. இன்று பாக்கித்தானில் உள்ள உப்பு மலைத்தொடரில் கிடைத்த ட்ரைலோபைட்டுகளை ரெட்லிக் என்பவர் 1899இல் விவரித்தார். மூன்று மடல்களாகப் பிரிந்த ஓடு கொண்ட அக்கணுக்காலிகளில் ஒரு பேரினம் அவர் பெயரால் ரெட்லிக்கியா என்று வழங்குகிறது. இமாச்சலப் பிரதேசத்தின் சுபிதி பள்ளத்தாக்கில் ஹேடன் திரட்டிய கேம்பிரியன் புதைபடிவங்களை ரீடு 1910இல் வெளியிட்டார்.

ஆனால் இவற்றைவிடப் பழமையான, சட்டகங்களின் தொடக்க காலத்தைச் சேர்ந்த சான்று மசூரி அருகே கிடைத்தது. தேராதூன் மாவட்டத்து மால்தேவ்தா பகுதியில் பாஸ்பேட் பாறை வெட்டியெடுக்கப்பட்டது. மசூரி பாஸ்பேட் என்ற பெயரில் அது உரமாக விற்கப்பட்டது. அமிலத்தன்மை மிகுந்த மண்ணில் வளரும் தேயிலை, ரப்பர் போன்ற தோட்டப் பயிர்களுக்கு அது ஏற்றது. அந்தப் பாறை தால் என்னும் அடுக்கைச் சேர்ந்தது. தால் அடுக்கின் மேற்பகுதியில் டைனோசர் காலத்து ஓடுகள் கிடைப்பதால், முழு அடுக்கும் அக்காலத்தை ஒட்டியது என்றே பலர் கருதிவந்தனர்.

1981இல் தேராதூன் வாடியா இமயமலைப் புவியியல் நிறுவனத்தைச் சேர்ந்த அசுமியும் அவருடைய குழுவினரும் அந்தப் பாஸ்பேட் பாறையில் பல் போன்ற நுண்படிவங்களைக் கண்டதாக அறிவித்தனர். 1983இல் அசுமியும், தனியாக மற்றொரு குழுவினரும் அப்பாறையில் இருந்து கேம்பிரியன் தொடக்கத்துச் சிறு ஓட்டுப் புதைபடிவங்களை விவரித்தனர். மூன்று பள்ளங்கள் கொண்ட அனபரைட்டசு குழாயும், வளைந்த கொக்கி போன்ற புரோட்டோஹெர்ட்சினாவும் அவற்றில் அடங்கும். சைபீரியாவிலும் சீனாவிலும் கேம்பிரியன் தொடக்கப் பாறைகளில் கிடைப்பவையும் இவையே. புரோட்டோஹெர்ட்சினா இன்றைய அம்புப்புழுக்களின் பிடிமுட்களை ஒத்திருக்கிறது. 1987இல் தால் அடுக்கிலேயே ரெட்லிக்கியா வகை ட்ரைலோபைட்டுகளும் கிடைத்ததால், அதன் கீழ்ப்பகுதியின் வயது உறுதியாயிற்று. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள ஓடுகள் இமயமலையின் ஒரு பெரும் பாறை அடுக்கின் வயதைக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளின.

இத்தகைய நுண்படிவங்களைப் பிரித்தெடுக்கும் முறை எளியது. பாறைத் துண்டை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் பல நாட்கள் ஊறவைக்கின்றனர். சுண்ணாம்பு கரைந்துவிடும், பாஸ்பேட்டால் ஆன ஓடு கரையாது. அடியில் தங்கும் வண்டலைச் சலித்து, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுக்கின்றனர்.

சோன் பள்ளத்தாக்குச் சர்ச்சை

1998இல் அசுமி மற்றோர் அறிவிப்பை வெளியிட்டார். நடு இந்தியாவின் சோன் பள்ளத்தாக்கில் உள்ள கீழ் விந்தியப் பாறைகளிலும் கேம்பிரியன் சிறு ஓட்டுப் புதைபடிவங்கள் கிடைக்கின்றன என்பதே அது. விந்தியப் பாறைகள் அதைவிட மிகப் பழமையானவை என்பது பொதுக்கருத்து. அசுமி சொன்னது சரியென்றால், அப்பாறைகளின் வயது 54 கோடி ஆண்டுகளை ஒட்டியதாகக் குறைந்துவிடும்.

அதே 1998இல் சைலாக்கர், போசு, ஃபுளூகர் ஆகிய மூவர், கீழ் விந்தியத்தின் சோர்ஹாட் மணற்கல்லில் புழுக்கள் சென்ற தடங்களைக் கண்டதாக எழுதினர். அவர்கள் பாறையின் வயதை 100 கோடி ஆண்டுகளுக்கும் மேல் என்றே கொண்டனர். ஆக, ஒரே பாறைத்தொகுதியைப் பற்றி இரண்டு கருத்துகள் எழுந்தன. ஒன்று, பாறை இளையது என்றது. மற்றொன்று, விலங்குகள் மிகப் பழையவை என்றது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. விலங்குகளின் வரலாறு முழுவதையும் மாற்றி எழுத வேண்டுமா என்ற கேள்வி உலக அளவில் எழுந்தது. அசுமியின் படிவங்கள் உண்மையானவைதாமா என்றும் சிலர் ஐயுற்றனர்.

விடை படிப்படியாகக் கிடைத்தது. 2002இல், விந்தியப் பாறைகளுக்கு இடையில் உள்ள எரிமலைச் சாம்பல் அடுக்குகளின் சிர்க்கான் கனிமங்களைக் கொண்டு கணித்தபோது, அவற்றின் வயது ஏறத்தாழ 160 கோடி ஆண்டுகள் என்று தெரிந்தது. 2009இல் சுவீடனைச் சேர்ந்த பெங்சனின் குழுவினர், சித்திரகூடப் பகுதிப் பாறைகளை ஊடுகதிர் முப்பரிமாணப் படமுறையில் ஆராய்ந்து முடிவை வெளியிட்டனர். அசுமி கண்ட வகைப் படிவங்கள் உண்மையாகவே அங்கு உள்ளன, ஆனால் அவை கேம்பிரியன் விலங்குகளின் ஓடுகள் அல்ல என்பதே அம்முடிவு. நுண்ணுயிர் இழைகளும், பாசி போன்ற குழாய்களும், வாயுக்குமிழ்களைச் சுற்றிப் படிந்த கனிமமும் ஓடுகளைப் போலத் தோற்றமளித்திருந்தன.

இதே குழுவினர் 2017இல் அவற்றுள் சில செம்பாசிகளை ஒத்தவை என்று விவரித்தனர். அப்படியானால் அவை உலகின் மிகப் பழைய செம்பாசிகளாக இருக்கக்கூடும். அவற்றில் ஒரு பேரினத்துக்கு, முதலில் கண்டவரைச் சிறப்பித்து ரஃபத்தாசுமியா என்று பெயரிட்டனர். சித்திரகூடத்தின் பெயர் அதன் சிற்றினப் பெயராயிற்று. கண்டது உண்மை, அதற்குக் கொடுத்த வயதும் இனமும்தான் வேறு. சட்டகம் போலத் தோன்றும் அனைத்தும் சட்டகம் அல்ல என்பதற்கும், ஒரு கண்டுபிடிப்பைப் புறந்தள்ளாமல் மறுபடி சோதிப்பதன் பயனுக்கும் இது நல்ல எடுத்துக்காட்டு.

அண்மையில் இதே போன்ற இன்னொரு நிகழ்வும் நடந்தது. 2021இல் மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா பாறைக்குகையின் கூரையில் டிக்கின்சோனியா பதிவு இருப்பதாக ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது. 2023இல் வேறு குழுவினர் நேரில் ஆராய்ந்து, அது பாறையில் ஒட்டியிருந்த தேன்கூட்டின் எச்சம் என்று காட்டினர்.

சட்டகம் ஏன் அப்போது தோன்றியது?

கடற்பஞ்சு, மெல்லுடலி, கணுக்காலி, முட்தோலி எனத் தொடர்பு விலகிய பல விலங்குத் தொகுதிகள், புவியியல் அளவில் குறுகிய காலத்துக்குள், வெவ்வேறு கனிமங்களால், தனித்தனியாகச் சட்டகத்தை உருவாக்கிக்கொண்டன. ஒரே முன்னோரிடமிருந்து எல்லாம் வந்திருந்தால் கனிமம் ஒன்றாக இருந்திருக்கும். இதற்கு மூன்று காரணங்கள் முதன்மையாகச் சொல்லப்படுகின்றன.

முதலாவது, கொன்றுண்ணிகள். குளோடினாவின் துளைகள் காட்டுவது போல, தின்னும் விலங்கு தோன்றியபின் ஓடில்லாத உடல் எளிதில் இரையாயிற்று. ஓடு உள்ளவை பிழைத்தன. ஓடு தடித்தபோது, அதை உடைக்கும் உறுப்புகளும் வலுவடைந்தன.

இரண்டாவது, ஆக்சிசன். சட்டகம் கட்டுவதற்கு ஆற்றல் செலவாகும். கடல்நீரில் கரைந்துள்ள ஆக்சிசன் ஓரளவு உயர்ந்த பிறகே விலங்குகளால் அந்தச் செலவைத் தாங்க முடிந்தது என்று கருதப்படுகிறது.

மூன்றாவது, கடல்நீரில் உள்ள கால்சியம். பழைய உப்புப் படிகங்களுக்குள் அக்காலக் கடல்நீர் நுண்துளிகளாகச் சிறைப்பட்டுள்ளது. அத்துளிகளை 2004இல் ஆராய்ந்தவர்கள், கேம்பிரியன் தொடக்கத்தில் கடல்நீரின் கால்சியம் அளவு ஏறத்தாழ மூன்று மடங்காக உயர்ந்ததைக் கண்டனர். செல்லுக்குள் கால்சியம் அளவுக்கு மீறினால் நஞ்சாகும். அதை வெளியேற்றும் ஏற்பாடு எல்லா விலங்குகளிடமும் உண்டு. வெளியேற்றிய கால்சியத்தை ஓடாகப் படியவைப்பது அந்த ஏற்பாட்டின் அடுத்த படியாக இருந்திருக்கலாம். கார்பானிக் அன்ஹைட்ரேசு என்னும் நொதி இதில் உதவுகிறது. கடற்பஞ்சின் சட்டகத்துக்கும் பவளத்துக்கும் உதவும் இந்நொதிக் குடும்பம் நம் இரத்தச் சிவப்பணுக்களிலும் உள்ளது. கருவிகள் முன்பே இருந்தன. சூழல் மாறியபோது பல தொகுதிகள் அவற்றைப் புதிய வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டன.

அவ்வளவு கால்சியம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில்தான் பழனி மலை இந்த வரலாற்றுக்குள் வருகிறது. 2006இல் இசுகுவயரும் அவருடைய குழுவினரும் ஒரு கருதுகோளை முன்வைத்தனர். கோண்டுவானா இணைந்தபோது எழுந்த மலைத்தொடர் 8,000 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டிருந்தது. அது அரிக்கப்பட்டபோது கால்சியம், பாஸ்பரசு, இரும்பு போன்றவை பெருமளவில் கடலில் சேர்ந்தன. அந்த ஊட்டமே விலங்குகள் பெருகவும் சட்டகம் கட்டவும் துணைசெய்தது என்பது அவர்கள் வாதம். மதுரைப் பாறைப்பகுதியும் கோண்டுவானா மோதலின் மண்டலத்தில் உருமாறியதே.

பழங்கடற்கரைகளில் அலைகள் பழம்பாறைகளை நெடுங்காலம் அரித்ததே காரணம் என்று 2012இல் வேறு இருவர் வாதிட்டனர். கடலடி எரிமலைத் தொடர்களின் பங்கை வலியுறுத்துவோரும் உண்டு. இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்பது இன்னும் ஆய்வில் உள்ளது. ஆனால் நிலத்தில் மலை எழுந்து தேய்ந்ததும் கடலில் ஓடுகள் தோன்றியதும் ஒரே காலத்தில் நடந்தன என்பதை நுண்கனிமங்களின் வயது உறுதிப்படுத்துகிறது.

ஓட்டிலிருந்து எலும்புக்கு

நம்மைப் போன்ற முதுகெலும்பிகளுக்குச் சட்டகம் தாமதமாகவே வந்தது. சீனாவின் செங்சியாங் பகுதியில் 51.8 கோடி ஆண்டு வயதுடைய பாறைகளில் ஹைக்கூயிக்திசு என்னும் மீன் போன்ற உயிரி கிடைத்துள்ளது. அதற்கு முதுகுநாண் இருந்தது, எலும்பு இல்லை. கோனோடோண்டு என்னும் விலாங்கு போன்ற உயிரிகளுக்கு வாயில் மட்டும் கால்சியம் பாஸ்பேட்டால் ஆன பல் போன்ற உறுப்புகள் இருந்தன. இவ்வுறுப்புகள் 1856 முதலே அறியப்பட்டிருந்தும், அவற்றைத் தாங்கிய உடல் எப்படியிருந்தது என்பது 1983இல் சுகாட்லாந்துப் படிவம் ஒன்றை விவரித்தபோதுதான் தெரிந்தது.

உண்மையான எலும்பு முதலில் உடலுக்குள் தோன்றவில்லை. ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அரண்டாசுபிசு போன்ற தாடையில்லாத மீன்களுக்குத் தோலில் எலும்புக் கவசம் இருந்தது. உள்ளே குருத்தெலும்பே இருந்தது. உட்புற எலும்பு பின்னரே வந்தது. இந்த வரலாற்றின் சுவடு நம் உடலிலும் உள்ளது. நம் கை கால் எலும்புகள் கருவில் முதலில் குருத்தெலும்பாக உருவாகிப் பின்பு எலும்பாகின்றன. மண்டையோட்டின் மேற்கூரை எலும்புகள் அவ்வாறின்றி, தோலுக்கு அடியிலுள்ள சவ்விலேயே நேரடியாக உருவாகின்றன. பழைய மீனின் தோற்கவசத்தின் வழித்தோன்றலே நமது மண்டையோட்டுக் கூரை.

எலும்பு தாங்குவதோடு சேமிக்கவும் செய்கிறது. நம் உடலில் உள்ள கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் உள்ளது. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடல் அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறது.

இன்றும் தொடரும் பயணம்

மலையிலிருந்து கடலுக்குக் கால்சியம் செல்வது முடிந்துபோன கதை அன்று. சார்னோக்கைட்டில் உள்ள பெல்சுபார், பைராக்சீன் ஆகிய கனிமங்களில் கால்சியம் உண்டு. பழனி மலையில் பெய்யும் மழை காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது பாறையைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. மலையின் தென்சரிவில் இறங்கும் வராக நதி, மஞ்சளாறு, மருதாநதி ஆகியவை வைகையில் சேர்கின்றன. வடசரிவின் நீர் அமராவதி வழியாகக் காவிரிக்குச் செல்கிறது. இவ்வாறு ஆறுகள் கொண்டுசேர்க்கும் கால்சியம் கடல்நீரில் கலக்கிறது. மன்னார் வளைகுடாவின் சங்கும் முத்துச்சிப்பியும் பவளமும் கடல்நீரின் கால்சியத்தைக் கொண்டே தம் சட்டகத்தைக் கட்டுகின்றன.

காற்றில் கரியமில வாயு மிகும்போது கடல்நீரின் அமிலத்தன்மை கூடுகிறது. அப்போது கால்சியம் கார்பனேட் ஓடு கட்டுவது கடினமாகிறது. 55 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய இவ்வேலைக்கு இன்று பவளங்கள் சந்திக்கும் இடையூறுகளில் இதுவும் ஒன்று.

தமிழ்நாட்டில் புதைபடிவ ஓடுகளைக் காண விரும்பும் மாணவர்கள் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களுக்குச் செல்லலாம். காரை, கல்லங்குறிச்சி ஆகிய இடங்களின் பாறைகளில் அம்மோனைட்டு, சிப்பி போன்றவற்றின் படிவங்கள் ஏராளமாக உள்ளன. ஆனால் அவை கிரெட்டேசியசுக் காலத்துக்கு, அதாவது பெரும்பாலும் 11 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பட்ட காலத்துக்கு உரியவை. குளோடினாவுக்கும் அவற்றுக்கும் இடையே 40 கோடி ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டு. முதல் ஓடுகள் தோன்றிய அதே காலத்துச் சான்றைத் தமிழ்நாட்டில் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் அதற்குரிய இடங்களில் பழனி மலையும் ஒன்று. அங்குள்ள பாறையில் ஓடு எதுவும் இல்லை, ஆனால் அந்தக் காலத்தின் வெப்பம் அதில் பதிவாகியுள்ளது.